குளியலறைக்குள் ஒரு சென்சார்: தவிர்த்திருக்கக்கூடிய சில தவறுகள்

தினமும் குளிக்க வேண்டுமா என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். நாளுக்கு இரண்டு முறை என்பார் ஒருவர், வாரத்துக்கு மூன்று போதும் என்பார் இன்னொருவர். எனக்கு இதில் கட்சி கிடையாது. வியர்வையையும் வேலையையும் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். எத்தனை முறை என்று சண்டை போடுகிற யாரும் எப்படிக் குளிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்து, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். ராத்திரியில் அரிப்பு வேறு. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், குளிக்கும் தண்ணீரை அளக்க ஒரு கருவி செய்வது!

அந்தக் கூத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தோல். அதன் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே கொழுப்புப் பொருள்கள் சாந்து போல நிரம்பியிருக்கின்றன. ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பது அவைதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீரும் சோப்பும் சேர்ந்து அதை அரித்து எடுத்துவிடும். குளித்து வந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோலின் பிஎச் அளவு சுமார் 5, லேசான அமிலம். சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரமாக இருக்கும். அதைத் தலை முதல் கால் வரை தினமும் தேய்க்கத் தேவையில்லை. வியர்வைக்கு என்று பெரிதாக நாற்றம் கிடையாது. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. சோப்பு அங்கேயும் பாதங்களிலும் போதும். மண்ணும் கிரீஸும் படாத கை கால்களுக்குத் தண்ணீரே போதும்.

வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிடம், துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். இவ்வளவுதான். அப்படியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, கருவி. ஷவர் குழாயில் மாட்ட வொய்எஃப்-எஸ்201 என்ற, ஓடும் தண்ணீரை அளக்கும் சென்சார் வாங்கினேன். உள்ளே ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் ஓட அது சுழன்று, லிட்டருக்கு ஏறத்தாழ 450 மின் துடிப்புகள் தரும். அதை 5 வோல்ட்டில் ஓட்டி, துடிப்புக் கம்பியை நேராக அவற்றை எண்ணும் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் செருகினேன். அந்தப் போர்டில் கம்பி மாட்டும் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவே 10, 20 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போட்டு வோல்ட்டைக் குறைத்திருந்தால் முடிந்தது வேலை. போடாததால் அந்தப் பின் செத்துப்போனது.

அதைவிடப் பெரிய தப்பு போர்டை வைத்த பெட்டி. தண்ணீர் புகாது என்று ஐபி67 முத்திரையைப் பார்த்து நம்பினேன். கம்பி நுழைய நானே ஓட்டை போட்ட பிறகு அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்? தவிர, அந்தச் சோதனை வெந்நீர் ஆவியை வைத்து நடப்பதில்லை. பகலில் உள்ளே போன ஆவி ராத்திரி குளிர்ந்து துளியாகும். மூன்றாம் வாரம் திறந்து பார்த்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர், செம்புக் கம்பி நுனியில் பச்சைப் பூச்சு. நல்ல வேளை, பவர் பேங்கில் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் மெயின் மின்சாரத்தை இழுத்து விளையாடவே கூடாது.

அளவைச் சரிபார்க்கக் கடைசியில் 10 லிட்டர் வாளியைத்தான் ஷவருக்குக் கீழே வைத்தேன். நிரம்ப 75 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். என் குளியல் 13 நிமிடம், 104 லிட்டர். வாளியும் கடிகாரமும் பத்து நிமிடத்தில் சொன்ன விஷயத்துக்கு நான் ஒரு மாதம் கம்ப்யூட்டர் நிரல் எழுதியிருக்கிறேன்.

காலில் அரிப்பு ஏன் என்று அந்தக் கருவி ஒரு நாளும் சொல்லவில்லை. அது அளந்தது லிட்டரை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது சூடும் சோப்பும். ஹீட்டரைக் குறைத்து, காலுக்குச் சோப்பு போடுவதை நிறுத்திய இரண்டு வாரத்தில் வெள்ளைக் கோடு விழுவது நின்றது. சென்சாரைக் கழற்றிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயில் மாட்டிவிட்டேன். அங்கே ஆவி இல்லை, ஒழுங்காக ஓடுகிறது.