பழைய டிராக்டரை ஏற்ற டிரெய்லர் தேடுகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

டிரெய்லர் எத்தனை அடி என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மலேசியாவில் கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலமெல்லாம் ரப்பர் பால் டாங்கி இழுத்து, கடைசியில் கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த மாஸி ஃபெர்குசன் 135 ஒன்றை வாங்கியிருந்தேன். அதைப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். நண்பரிடம் 14 அடி டிரெய்லர் இருந்தது. டிராக்டர் ஏறக்குறைய 10 அடி. தாராளமாகப் போகும் என்று முடிவு செய்துவிட்டோம்.

இடம் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் டிராக்டரின் முன்சக்கரம் டிரெய்லரின் வால் பகுதியில் ஏறி, பின்சக்கரமும் சாய்வுப் பலகையைத் தொட்டபோது, டிரெய்லரின் மூக்கு மேலே கிளம்பியது. அதோடு சேர்ந்து பிக்கப்பின் பின்பக்கமும் எழும்பியது. கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். அந்தச் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டால் பிரேக் போட்டும் பயனில்லை. பிக்கப், டிரெய்லர், டிராக்டர் மூன்றும் சேர்ந்து மெதுவாக முன்னால் நகர ஆரம்பித்தன. தோட்டத்து மண்ணில் ஒரு பள்ளம் இருந்ததால் நின்றது. டிரெய்லரின் வாலுக்கு அடியில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, அதுவும் இல்லையென்றால் கனமான இரண்டு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. வால் பகுதியில் மடக்கி இறக்கும் முட்டுக்கால் உள்ள டிரெய்லராகப் பார்த்து எடுப்பது இன்னும் நல்லது.

அன்றைக்கு நாங்கள் செய்த முதல் தவறு, எடையை நிறுக்காமல் புத்தகத்தில் பார்த்தது. ஃபெர்குசன் டி.ஈ.20 (1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்தது) தோராயமாக 1,100 கிலோ. மாஸி 35 சுமார் 1,400. 1964-இல் வந்த 135 சுமார் 1,500. ஃபோர்ட்சன் மேஜர் என்றால் 2,400 பக்கம் போய்விடும். இதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த எடை. தோட்டத்தில் உழைத்த டிராக்டரின் கதை வேறு. சேற்றில் வழுக்காமல் இருக்கப் பின் டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அந்த அளவு டயர் ஒன்றில் மட்டும் 150 லிட்டர் வரை பிடிக்கும். சக்கரத்தில் இரும்பு எடைக்கட்டிகள், முன்னால் யாரோ வெல்டிங் செய்த பம்பர், பின்னால் கழற்ற முடியாமல் துருப்பிடித்துப் போன கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

செம்பனை எண்ணெய் ஆலையிலோ பழைய இரும்புக் கடையிலோ லாரி நிறுக்கும் எடைமேடை இருக்கும். தன்மையாகக் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். இரண்டு தடவை நிறுங்கள்: முழு டிராக்டரை ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு தடவை. என்னுடையது மொத்தம் 1,940 கிலோ காட்டியது. அதில் பின்சக்கரத்தில் 1,310, முன்னால் 630. முன் எடையை மொத்த எடையால் வகுத்து, இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கினால், பின் அச்சிலிருந்து எத்தனை தூரம் முன்னால் பாரத்தின் மையம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 135-க்கு அந்த இடைத்தூரம் 183 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 60 சென்டிமீட்டர் வரும். டிராக்டரின் பாரமெல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குச் சற்று முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடு எதற்கு? டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் அது வர வேண்டும். பின்னால் போனால் மூக்கு லேசாகிவிடும். வேகம் ஏறியதும் டிரெய்லர் நாய்வால் மாதிரி ஆடத் தொடங்கும், பிறகு யார் ஸ்டியரிங் பிடித்தாலும் அடக்குவது கடினம். ரொம்ப முன்னால் போனால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். இந்த வகை டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு பிக்கப்பின் இழுவைக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். என் டிராக்டரும் 700 கிலோ டிரெய்லரும் சேர்ந்து 2,640 கிலோ. அமெரிக்கக் கணக்குப்படி 260 முதல் 400 கிலோ வரை. எந்த வழக்கத்தைப் பின்பற்றினாலும், பிக்கப்பின் கையேட்டில் கொக்கிக்குப் போட்டிருக்கும் உச்ச எடையைத் தாண்டக் கூடாது. அதனால்தான் 10 அடி டிராக்டருக்கு 10 அடி டிரெய்லர் போதாது. முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்க இடம் வேண்டும்.

சரி, எவ்வளவு எடை தாங்கும் டிரெய்லர்? இங்கேதான் இன்னொரு குழப்பம். பக்கவாட்டில் மலாயில் இரண்டு எடை எழுதியிருப்பார்கள். இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் பி.டி.எம். என்றே வந்து தொலைக்கிறது! ஒன்று பெராட் டெங்கான் முவாத்தான், அதாவது சரக்கோடு சேர்ந்த உச்ச எடை. மற்றது பெராட் தன்பா முவாத்தான், வெறும் வண்டியின் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. 2,500 என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு 1,940 கிலோ டிராக்டர் தாராளமாகப் போகும் என்று நினைப்பவர்கள் நிறைய. டிரெய்லரே 700 கிலோ என்றால் மிச்சம் 1,800-தான்.

எந்த எடையும் எழுதாத, பட்டறையில் ஒட்டவைத்த டிரெய்லர் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். டிரெய்லரை ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் தனியாகப் பதிய வேண்டும். பதிவில்லாத டிரெய்லரோடு விபத்து என்றால் இழப்பீடு கேட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

பிரேக் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பல பிக்கப்களின் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் வரம்பு. டிராக்டர் என்றால் டிரெய்லரில் பிரேக் இருந்தே ஆக வேண்டும், இரண்டு அச்சு இருந்தால் இரண்டிலும். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் கம்பியும், குறுக்காகப் போடும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலியும் சும்மா அழகுக்கு இல்லை. டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வருடத்துக்கு நான்கு நாள் ஓடி, மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும் டிரெய்லரின் டயர், தரையில் படும் பூ வரிகள் தேயாமலே வெடித்துப் போகும். தரைப் பலகையை ஆணியால் குத்திப் பாருங்கள், நம் ஊர் மழைக்கு உளுத்துப்போவது அடியிலிருந்துதான்.

சாய்வுப் பலகையின் நீளத்தை யாரும் கேட்பதில்லை. தளம் 60 சென்டிமீட்டர் உயரம், பலகை ஒன்றரை மீட்டர் என்றால் சரிவு ஏறக்குறைய 24 பாகை. பலகை இரண்டரை மீட்டர் என்றால் 14 பாகைக்கு இறங்கிவிடும். பழைய டிராக்டரில், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது. செங்குத்தான பலகையில் முன்பக்கமாக ஏறும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் மூக்கு தூக்கி, ஓட்டுபவர் மேலேயே பின்னால் கவிழும். தூக்க ஆரம்பித்து முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும், காலை எடுக்க நேரம் இருக்காது. ஈரமான இரும்புப் பலகை இன்னும் மோசம். வின்ச் பொருத்திய டிரெய்லர் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாவது அதை எடுங்கள். இருக்கையில் ஆளே இல்லாமல் இழுத்து ஏற்றலாம்.

அகலத்தையும் அளக்க வேண்டும். ஃபெர்குசனின் சக்கர இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை மாற்றி வைக்கலாம். முந்தைய உரிமையாளர் எதில் விட்டுப் போனார் என்று யாருக்குத் தெரியும்? டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, டிரெய்லரின் மட்கார்டுகளுக்கு இடையே உள்ள இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டும் வளையங்கள் டிரெய்லரின் சட்டத்தில் வெல்டிங் செய்திருக்க வேண்டும், பலகையில் திருகியிருந்தால் போதாது. நான்கு மூலைக்கும் தனித்தனியாக நான்கு கட்டு. ஒரே சங்கிலியைச் சுற்றி வளைத்துக் கட்டினால், ஓரிடத்தில் அறுந்ததும் மொத்தமும் போய்விடும். எங்கள் முதல் பயணத்தில் நைலான் கயிற்றை டயருக்கு மேலே போட்டு இறுக்கியிருந்தோம். டயர் அமுங்கி எழும்பும் ஒவ்வொரு குலுக்கலிலும் கயிறு தளர்ந்துகொண்டே வந்தது. சங்கிலியைப் பின் அச்சு உறையிலும் முன்பக்கச் சட்டத்திலும் போட வேண்டும். ஸ்டியரிங் கம்பியில் மாட்டினால் அது வளைந்துவிடும்.

ஒரே ஒரு தடவை கொண்டு வருவதற்காக டிரெய்லர் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கார் பழுதானால் வருமே, தளத்தைச் சரித்து இறக்கும் லாரி, அதைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. தூக்கும் சக்தி எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "கார்தானே அண்ணே?" என்பார்கள். இரண்டு டன் டிராக்டர் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பினாங்குத் தீவுக்குக் கொண்டு போவதாக இருந்தால், ஃபெர்ரியில் ஏற்றலாம் என்று பழைய நினைப்பில் யாராவது யோசனை சொல்வார்கள். இப்போது அதில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும்தான் போகலாம். பாலம்தான் வழி: 1985-இல் திறந்த பழையது 13.5 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து போகும் 2014-ஆம் ஆண்டுப் பாலம் 24 கிலோமீட்டர். கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும், பக்கத்தில் கொள்கலன் லாரி தாண்டிப் போகும்போது இன்னொரு தள்ளு. டிராக்டரைப் பின்பக்கமாக ஏற்றியிருந்தால் காற்று பானெட்டைத் திறந்து தூக்கிவிடும், அதையும் கட்டிவிடுங்கள். பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, நான்கு கட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் டயர்கள் அமர்ந்து, எல்லாமே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அப்புறம், மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாய்க்குள் மழை இறங்காமல் ஒரு மூடி. என்னுடையதற்குக் காலி பால் டின் கச்சிதமாகப் பொருந்தியது.