படப் புத்தகத்தில் கணக்கா? முதலில் உங்கள் விரலை எடுங்கள்

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பாலர் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், ஐந்து வயதுப் பையனுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தார். குளத்தில் ஏழு வாத்துகள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக, பையன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஏழு வரை சொன்னான். "சபாஷ்!" என்றார். பதினைந்து வருடங்களுக்கு முன் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன்.

பக்கம் கிழிவது, தூங்கும் நேரத்தில் படிக்க உட்காருவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. படப் புத்தகத்தை வைத்து எண்ணப் பழக்கும்போது பெரியவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

எண்ணுவது யார்?

அந்தப் பையன் எண்ணவில்லை, ஆசிரியையின் விரல்தான் எண்ணியது. ஒரு வாத்துக்கு ஒரு எண், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு தடவை தொடக்கூடாது. கஷ்டமான இந்த வேலை முழுவதையும் பெரியவரே செய்துவிட்டார். பையன் செய்தது வெறும் ஒப்பித்தல்.

என் மகள் நாலு வயதில் ஐம்பது வரை கடகடவென்று சொல்வாள். தண்ணீர்மலைக் கோயில் படிகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடியே ஏறுவாள், எனக்குப் பெருமையாக இருக்கும். முதலாம் ஆண்டில் "எட்டுக் குச்சி எடு" என்றபோது ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது. பிள்ளையின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே எண்ண வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதறுகிறது.

பிள்ளை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1978இலேயே இதை எண்ணுதலின் விதிகளில் ஒன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் கடைசி எண்ணைத் திருப்பிச் சொல்லவும் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, "வாத்துகளுக்கு ஆளுக்கொரு கடலை கொண்டு வா" என்று டப்பாவைக் காட்டுங்கள். கொண்டு வந்ததை ஒவ்வொரு வாத்தின் மேலும் அவனே வைக்கட்டும். கடலை இல்லாத வாத்து ஒன்று மிஞ்சினால் அவன் கண்ணே அதைக் கண்டுபிடிக்கும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் "எத்தனை?"

கதை செத்துவிடும். முதல் தடவை கதை மட்டும் போதும்.

வட்டமாக நிற்கும் படத்தில் தொடங்குவது

வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஏழு பேர் நின்றாலும் பிள்ளை சுற்றிச் சுற்றிப் பதினொன்று வரை போய்விடும். வரிசையாக நிற்பவற்றை முதலில் எடுங்கள், அப்புறம் சிதறிக் கிடப்பவை. வட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கத்தை மூன்று மொழியில்

இங்கே நிறைய வீடுகளில் ஒரே மூச்சில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எண்ண வைக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு மொழி போதும். பத்தைத் தாண்டும்போது தமிழில் தொடங்குங்கள். பதினொன்று என்றால் அதில் பத்தும் ஒன்றும் இருப்பதைக் காட்டலாம். இலவன், டுவெல்வ் என்பதில் அது காதில் விழாது.

காலிப் பக்கத்தைத் தாண்டிப் போவது

பறவையெல்லாம் பறந்துபோன மரம். அதுதான் சுழியம். அங்கே நில்லுங்கள்.

புத்தகத்தோடு நின்றுவிடுவது

பழப் படம் வந்தால், மங்குஸ்தீன் பருவத்தில் பசாரில் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளேயும் அத்தனை சுளை. பிள்ளை இதழை எண்ணிச் சொன்ன பிறகுதான் பழத்தைப் பிளக்க வேண்டும். அந்த வாத்துப் பையனிடமும் ஒரு பழத்தைக் கொடுத்தோம். "ஆறு" என்றான். ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழம் பிளந்ததும் சுளைகளை அவனே ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தான், விரலெல்லாம் ஊதாச் சாயம். "டீச்சர், ஆறுதான்!"