அணிக்குள் நடக்கும் ராகிங்: புகாரை எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது

விடுதி அறையில் ஜூனியரை நள்ளிரவில் முட்டி போட வைத்தால் வார்டன் ஓடி வருகிறார், ராகிங் தடுப்புக் குழு கூடுகிறது. அதே ஜூனியரைக் கபடி அணிச் சீனியர்கள் மைதானத்து மூலையில் முந்நூறு பஸ்கி எடுக்க வைத்தால் அதற்குப் பெயர் 'கண்டிஷனிங்', விஷயம் பி.டி. சார் மேசையோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இந்த ஓரவஞ்சனை பழைய பிரச்சினைதான். 2023-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் புகார் எழுந்தபோது, தலைமைப் பயிற்சியாளருக்கு முதலில் கிடைத்தது இரண்டு வார இடைநீக்கம். மாணவர் பத்திரிகை விவரங்களை வெளியிட்ட பிறகுதான் பணிநீக்கம். 2024 டிசம்பரில் அங்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் விளையாட்டு அணிகளையும் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களையும் ஒரே வரையறைக்குள் வைத்தது.

நம் சட்டத்தில் இந்த வேறுபாடு முதலிலிருந்தே கிடையாது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து வந்தது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதே அதன்படி ராகிங். கல்லூரிக்கு வெளியே நடந்தாலும் குற்றம்தான். போட்டிக்குப் போகும் பேருந்தும் தங்கும் லாட்ஜும் இதில் அடக்கம். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

எழுத உட்காரும் முன், நடந்தது பயிற்சி இல்லை என்பதைக் காட்டும் விவரங்களைத் திரட்டுங்கள். உத்தரவு போட்டது பயிற்சியாளரா, சீனியரா? அணி முழுக்கச் செய்ததா, முதலாண்டு மட்டுமா? பயிற்சி நேரத்திலா, அதற்குப் பிறகா? தண்ணீர் குடிக்க விட்டார்களா? முடியாது என்றால் அணியில் இடம் போகும் என்று மிரட்டினார்களா? இவைதான் புகாரின் முதல் பத்தி. 'சீனியர்கள் கொடுமைப்படுத்தினார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், 'பயிற்சி கடுமை, பையனால் தாங்க முடியவில்லை' என்று மூடிவிடுவார்கள். தேதி, நேரம், இடம், எத்தனை தண்டால், யார் எண்ணினார், யார் பார்த்தார் என்று எழுதுங்கள்.

உடம்பை அலட்சியம் செய்யாதீர்கள். பழக்கமில்லாதவர் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தால் தசை சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் பழுதாகலாம். வேலூர் வெயிலில் தண்ணீரும் தராவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ஓரிரு நாளில் தொடை வீங்கி இறுகி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே அரசு மருத்துவமனையின் (வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை) அவசரப் பிரிவுக்குப் போங்கள், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கூட வரும் அணித்தோழர்கள் 'விளையாடும்போது அடிபட்டது' என்று சொல்லச் சொல்வார்கள். அப்படி ஒருமுறை பதிவாகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. உண்மையைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதவைத்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேற வேண்டாம். முதலில் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பெயரோடு எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். சிசிடிவி பதிவின் மேல் சீக்கிரமே புதுப் பதிவு ஏறிவிடும்; அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

புகார் முதல்வர் பெயருக்கே போக வேண்டும். பி.டி. சார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் போட்டி நெருங்கும் நேரத்தில் தன் அணியைத் தானே விசாரிப்பது நியாயமில்லை. விசாரணையில் அவர் உட்காரக் கூடாது என்று புகாரிலேயே கேளுங்கள். பெற்றோரோ ஆசிரியரோ கூடக் கொடுக்கலாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கடைசிப் பத்தியில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: 1997 சட்டப்படி, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார், 2009-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி, நடந்தது தண்டனைக்குரிய குற்றம் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் காவல்துறைக்குப் போயாக வேண்டும்.

நீங்களே நேராகக் காவல் நிலையத்துக்கும் போகலாம். சம்பவம் வெளியூரில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522 இரவு பகலாக இயங்கும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம், எண் 15100.

அணிக்காரர்கள் பெரும்பாலும் தப்பிப்பது தண்டனைக் கட்டத்தில்தான். விடுதிக்காரனுக்கு இடைநீக்கம், ஆட்டக்காரனுக்கு மன்னிப்புக் கடிதம் என்றால் விடாதீர்கள். கல்லூரி சார்பில் எந்தப் போட்டியிலும் ஆடத் தடை என்பது யு.ஜி.சி. பட்டியலிலேயே உள்ள தண்டனை. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால், முந்தைய விடுதி வழக்குகளில் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒப்பிட்டுக் காட்டலாம். யார் செய்தது என்று அணியே வாய் திறக்காவிட்டால் கூட்டுத் தண்டனைக்கும் விதி உண்டு. முதலாண்டு மாணவர்களை அதிலிருந்து விலக்கும்படி எழுதுங்கள், இல்லையென்றால் அடிபட்டவனே மறுபடி அடிபடுவான்.

ஆடத் தடை வந்த பிறகும் அடுத்த போட்டிக்கான அணிப் பட்டியலைப் பாருங்கள். தடை பெற்றவர் பெயர் அதில் இருந்தால், தடை உத்தரவின் நகலோடு பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு எழுதுங்கள். வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரி என்றால், சேர்க்காட்டில் உள்ள அதன் வளாகத்துக்கு.