நாயைத் தோல் நிபுணரிடம் அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

நாளைக்கு டாக்டரிடம் போகணுமே என்று இன்றைக்கே நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுகிறோம். பொருக்கு, செதில், காதுப் பிசுக்கு எல்லாம்தான் டாக்டருக்குத் தடயம். பொருக்கைத் தூக்கி, அடியில் உள்ள ஈரத்தில் ஸ்லைடை ஒற்றி, பாக்டீரியாவா ஈஸ்ட் என்ற பூஞ்சையா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். முந்தின நாள் கிருமி கொல்லும் குளோரெக்சிடின் ஷாம்பூ போட்டிருந்தால் ஸ்லைடில் ஒன்றும் சிக்காமல் போகலாம். ஒரு வாரம் குளியல், காது சுத்தம், மஞ்சள் வேப்பிலைப் பற்று எதுவும் வேண்டாம்.

பெரிய சிக்கல் ஸ்டீராய்டில். ஊசி போட்டதும் அரிப்பு நிற்கும், மூன்று நான்கு வாரத்தில் திரும்பும், மறுபடி ஊசி. தோலுக்குள் ஊசி போட்டு அலர்ஜி பார்க்கும் சோதனைக்கு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திக் குறைந்தது 2 வாரமும், நாள்பட வேலை செய்யும் ஊசிக்குப் பிறகு 4 வாரமும் இடைவெளி வேண்டும். ஆகவே தேதி வாங்கும்போதே ஸ்டீராய்டு கொடுத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதற்காக நீங்களாகவே மாத்திரையைச் சட்டென நிறுத்தாதீர்கள். பல வாரம் சாப்பிட்ட நாய் அப்படியே துவண்டுவிடலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மெடிக்கலில் கிடைக்கும் கிளோபெட்டசால் கலந்த க்ரீமும் ஸ்டீராய்டுதான். படர்தாமரையின் மேல் தடவினால் சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். போதாததற்கு நாய் அதை நக்கியும் வைக்கும்.

"ஏதோ வெள்ளை மாத்திரை கொடுத்தாங்க" என்பது எதற்கும் உதவாது. காலி அட்டையையே எடுத்துப் போங்கள். பரிந்துரைக் கடிதத்தில் நாயின் எடை, மருந்தின் அளவு, எத்தனை நாள், குணம் தெரிந்ததா இல்லையா, உண்ணி மாத்திரை கடைசியாகப் போட்ட தேதி எல்லாம் இருக்கட்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: அரிப்பு முதலில் வந்ததா, புண்ணா? வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா என்றும் கேட்பார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். காது ஓரத்தைத் தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறிய ஆடினால் சொறிப்பூச்சிச் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் பூச்சி தெரியவில்லை என்பதால் மட்டும் அது இல்லை என்றாகிவிடாது.

டாக்டர் சொன்ன உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் உணவு அலர்ஜி சோதனை 8 வாரம். நடுவில் பாட்டி ஆசையாகக் கொடுக்கும் அரை பிஸ்கட், சிக்கன் வாசனை போட்ட பூச்சி மாத்திரை, இரண்டில் எது போனாலும் கணக்கு கெட்டுவிடும்.

அன்றே மயக்கம் கொடுத்துத் தோல் துண்டு எடுக்க வேண்டி வரலாம். காலைச் சாப்பாடு வைக்கலாமா என்று முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.