மேடையில நாவல் வாசிக்கும்போது கூட்டம் கலையாம இருக்க நான் செஞ்சது

முதல் நாவல் வந்த கையோட இலக்கிய விழாக்கள்ல கூப்பிட ஆரம்பிச்சாங்க, ஆனா ஒரு பகுதி வாசிங்கன்னு சொன்னா ரெண்டாவது பக்கத்துலயே முன்வரிசை ஆளுங்க மொபைலை எடுத்துடுவாங்க. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும். அப்புறம் யோசிச்சா விஷயம் எளிசு, கேக்கிறவங்க நாவலைப் படிச்சிருக்க மாட்டாங்க, யாரு என்னன்னே தெரியாது, அதுல வர்ணனையா வாசிச்சா காதுல நிக்காது.

இப்ப ரெண்டு பேர் மட்டும் பேசிக்கிற, ஏதோ ஒண்ணு மறைக்கிற மாதிரி இருக்கிற இடமாப் பாத்து எடுக்கிறேன். புத்தகத்தைப் பாத்து வாசிக்கிறதில்லை, தனியா பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, மூணாவது ஆளோட பேரு, பின்கதை எல்லாம் பென்சில்ல அடிச்சு நீக்கிட்டு, மூச்சு விடுற இடத்துல கோடு போட்டு வச்சுக்கிறேன். 5 நிமிஷம் குடுத்தா 4 நிமிஷத்துக்குத்தான் தயார் பண்ணுவேன், வீட்டுல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்த வேகம் மேடையில வராது.

இன்னொண்ணு, இதுதான் பெரிய வித்தியாசம் பண்ணுச்சு: நெறியாளருக்கு அந்தப் பகுதியை முன்னாடியே மெயில்ல அனுப்பிடுவேன். அவங்க முதல் கேள்வியை அதுலேர்ந்தே எடுக்கிறாங்க, பேச்சு தானா சூடு பிடிக்குது. மறைச்ச விஷயத்தை மட்டும் அங்க சொல்றதில்லை, கையெழுத்து வாங்க வர்றவங்க அதைத்தான் முதல்ல கேக்கிறாங்க.