பிரிலிம்ஸ் போச்சா? முதலில் கேள்வித்தாளை எடுங்கள்

யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸின் ரிசல்ட் பிடிஎஃப் வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். ரோல் நம்பரைத் தேடுவார்கள், இல்லை என்று வந்தால் தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை அடித்துப் பார்ப்பார்கள். அது முடிந்து வரும் பத்துப் பதினைந்து நாளில்தான் அடுத்த வருடமும் சேர்ந்து கெட்டுப்போகிறது. அண்ணா நகரில் வேறு கோச்சிங் பார்க்கலாமா, புது டெஸ்ட் சீரிஸ் வாங்கலாமா என்று அலைவார்கள். இரண்டாம் கட்டமான மெயின்ஸில் எழுதும் ஆப்ஷனலை, அதாவது விருப்பப் பாடத்தை, மாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விழுந்தது பிரிலிம்ஸில், ஆப்ஷனல் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை!

முதல் ஒரு வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஊருக்குப் போங்கள், தூங்குங்கள், டாப்பர் பேட்டி எதையும் பார்க்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் 2022 தேர்வில் அகில இந்திய முதலிடம் வந்த இஷிதா கிஷோர் அதற்கு முன் இரண்டு முறை பிரிலிம்ஸிலேயே நின்றவர் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு மூடிவிடுங்கள். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது உங்களுக்கு உதவாது.

ஒரு வாரம் கழித்துக் கேள்வித்தாளை எடுத்து வையுங்கள். யூபிஎஸ்சி பிரிலிம்ஸில் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம், விடைகளைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் தாள் அவர்களிடம் போய்விடும். அதனால் ஹாலிலேயே ஒவ்வொரு கேள்வி பக்கத்திலும் எந்த விடையைக் கறுப்பாக்கினோம் என்பதோடு ஒரு சின்னக் குறியும் போட்டு வைப்பது நல்லது. உறுதியாகத் தெரிந்தால் ஒரு டிக், இரண்டு விடைக்குள் வந்து ஊசலாடினால் 2, சுத்தமாகத் தெரியாமல் அடித்திருந்தால் 0. இதற்கு ஒரு கேள்விக்கு அரை நொடிகூட ஆகாது. குறி போடாமல் வந்தவர்கள் அன்று சாயங்காலமே உட்கார்ந்து நினைவிலிருந்து போட்டுவிடுங்கள், இரண்டு நாள் போனால் எல்லாமே 'எனக்குத் தெரிஞ்சதுதான்' என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

விடைக்குறிப்பு விஷயத்தில் யூபிஎஸ்சிக்கும் மாநில அரசுப் பணிகளுக்கான டிஎன்பிஎஸ்சிக்கும் 2025 தேர்வு வரை வித்தியாசம் இருந்தது. டிஎன்பிஎஸ்சி தேர்வு முடிந்த சில நாளில் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, ஒரு வாரம் ஆன்லைனில் ஆட்சேபமும் வாங்குகிறது. ஆதாரப் புத்தகத்தின் பக்கத்தோடு அனுப்பினால் மதிப்பு உண்டு, சோம்பல் பட வேண்டாம். யூபிஎஸ்சி அதுவரை இறுதி முடிவுக்குப் பிறகுதான் விடைக்குறிப்பைத் தந்தது. விடைக்குறிப்பு கையில் இல்லாதபோது இரண்டு மூன்று கோச்சிங் சென்டர்களின் விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள், அவை முரண்படும் கேள்விகளை மட்டும் நீங்களே மூலத்தில் தேடுங்கள். இந்தத் தேடலில் கற்பது ஒரு மாத வகுப்பில் கற்பதைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது கணக்கு. பிரிலிம்ஸின் முதல் தாளான ஜிஎஸ்ஸில் (பொது அறிவு) 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.66 போகும். 85 கேள்வி எழுதி 50 சரி, 35 தவறு என்றால் கையில் நிற்பது 76.67. அதே ஆள் 75 கேள்வி எழுதி 48 சரி, 27 தவறு என்றால் 78. சரியான விடை இரண்டு குறைந்தும் மதிப்பெண் கூடியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு 'குறைவாக எழுது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. நாலு விடையில் கண்ணை மூடி ஒன்றை அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, ஒரே ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தாலே அடிப்பது லாபம். அந்த 'நிச்சயமாக' என்பதில்தான் சிக்கல். அதற்குத்தான் 2 என்ற குறி. அந்தக் குறி போட்ட கேள்விகளை மட்டும் எடுத்து எத்தனை சரி என்று எண்ணுங்கள். பாதிக்குப் பாதி வந்திருந்தால் உங்கள் ஊகம் நம்பத்தக்கது, அடுத்த முறை இன்னும் துணிந்து எழுதலாம். நாலில் ஒன்றுகூட வரவில்லை என்றால் உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைப்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஒரு தாளை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், எழுதிய மாக் டெஸ்ட்டுகளிலும் (மாதிரித் தேர்வுகள்) இதையே எண்ணிப் பாருங்கள்.

தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணான கட்-ஆஃபை வைத்து உங்களை அளக்க வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 2022இல் 88.22 இருந்தது, 2023இல் 75.41க்கு இறங்கியது, 2024இல் மறுபடி 87.98. அந்த 2023 தாளில் 'மேற்கண்டவற்றில் எத்தனை சரி' என்ற வகைக் கேள்விகள் கொட்டிக் கிடந்தன, ஒரு கூற்றை நீக்கினால் விடை வந்துவிடும் என்ற பழைய வித்தை அதில் எடுபடவில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு, நம்மில் பாதிப் பேர் இரண்டு தேர்வும் எழுதுகிறோம். டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளில் நெகட்டிவ் மார்க் கிடையாது. யூபிஎஸ்சிக்குப் பழகிய கை அங்கேயும் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு வருகிறது, 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைப் பணிவாகக் கறுப்பாக்கிவிட்டு வருபவர்களும் உண்டு. 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒன்றுக்கு ஒன்றரை. பத்துக் கேள்வியை விட்டால் 15 மதிப்பெண்ணுக்கான வாய்ப்பு போச்சு. குரூப் 4இல் அந்தப் பதினைந்துக்குள் எவ்வளவு பெரிய கூட்டம் நிற்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கமும் இதே கதைதான், குரூப் தேர்வுப் பழக்கத்தில் நூறையும் நிரப்பிவிட்டு வருபவர்களை யூபிஎஸ்சி நொறுக்கிவிடும். இரண்டும் எழுதுபவர்கள் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரமாவது அந்தந்தத் தேர்வின் மாக் மட்டும் எழுதுங்கள்.

சரி, தவறான கேள்விகளுக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு தவறுக்கும் 'ஏன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். 'பாலிட்டி வீக்' என்று எழுதினால் அது காரணம் இல்லை, பாடத்தின் பெயர். ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம். பண மசோதா பற்றி மூன்று கூற்றுகள்: மக்களவையில் மட்டுமே அறிமுகம் செய்ய முடியும், மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், இரு அவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். எத்தனை சரி? விடை, இரண்டு மட்டும். நீங்கள் மூன்றும் என்று அடித்திருக்கிறீர்கள்.

கூட்டுக் கூட்டம் பற்றிய சட்டப்பிரிவு 108ஐ வாசித்ததே இல்லை என்றால் அது அறியாமை, புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் 108ஐயும் வாசித்திருக்கிறீர்கள், பண மசோதா பற்றிய 110ஐயும் வாசித்திருக்கிறீர்கள், இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை என்றால் அந்த அத்தியாயத்தை ஐந்தாம் முறை வாசித்து ஒரு பயனும் இல்லை. ஒரே பக்கத்தில் சாதாரண மசோதா, பண மசோதா, அரசியலமைப்புத் திருத்த மசோதா என்று மூன்று கட்டம் போட்டு, எந்த அவையில் கொண்டுவரலாம், குடியரசுத் தலைவரின் முன்அனுமதி வேண்டுமா, மாநிலங்களவைக்கு என்ன அதிகாரம், கூட்டுக் கூட்டம் உண்டா என்று நிரப்புங்கள். திருத்த மசோதாவுக்கும் கூட்டுக் கூட்டம் கிடையாது என்பது நிரப்பும்போதுதான் மண்டையில் ஏறும், அந்த ஒரு பக்கம் பத்துக் கேள்விக்குத் தாங்கும்.

எல்லாம் தெரிந்தும் அவசரத்தில் 'பண' என்ற சொல்லைத் தாண்டிப் போயிருந்தால் அது கண்ணின் தவறு. பண, அல்லாத, தவறானது, மட்டும் மாதிரிச் சொற்களைப் பேனாவால் வட்டம் போடாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்று கையைப் பழக்க வேண்டும், அதற்கு மாக் எழுதினால்தான் ஆகும். முதலில் சரியாக நினைத்துவிட்டுப் பிறகு மாற்றியிருந்தால் அது நம்பிக்கைக் கோளாறு. புதிதாக ஒரு தகவல் நினைவுக்கு வந்தாலொழிய மாற்றக் கூடாது என்று விதி வையுங்கள், 'என்னமோ தோணுது' என்பது தகவல் இல்லை. கோட்டூர்புரம் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இப்படி வகை பிரித்தபோது தவறுகளில் பெரும்பகுதி படித்து இணைக்காதவையும் கடைசி நிமிடத்தில் மாற்றியவையுமாகவே இருந்தன. அவள் அதற்குள் புது வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் சிசாட், அதாவது பிரிலிம்ஸின் இரண்டாம் தாளான திறனறித் தாள். 80 கேள்வி, 200 மதிப்பெண், 33 சதவீதம் எடுத்தால் போதும், அதாவது 66. 2015இலிருந்து இது வெறும் தகுதித் தாள்தான் என்பதால் யாரும் மதிப்பதில்லை. 35 சரி, 20 தவறு என்றால் 70.8, நூலிழைதான். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது, தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு அந்த ஆங்கிலப் பத்தி வாசிப்பு இரட்டைச் சுமை. கணக்கு கொஞ்சம் வருமென்றால் கணக்கையும் தர்க்கக் கேள்விகளையும் முதலில் முடித்துவிட்டுப் பத்திகளுக்குப் போங்கள். ஜிஎஸ்ஸில் கட்-ஆஃபைத் தாண்டியும் நம்பர் வரவில்லை என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

மெயின்ஸில் விழுந்தவர்களுக்குச் சிரமம் வேறு, மதிப்பெண்ணே இறுதி முடிவு வந்த பிறகுதான் தெரியும். அதுவரை சும்மா இருக்காதீர்கள். ஜிஎஸ் முதல் மூன்று தாள்களில் ஒவ்வொன்றிலும் 20 கேள்வி, மூன்று மணி நேரம், 10 மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடமும் 15க்குப் பதினொன்றும் கொடுத்தால் சரியாக 180 நிமிடம் தீர்ந்துவிடும், யோசிக்க ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. அதே தாளைக் கடிகாரம் வைத்து மறுபடி எழுதிப் பாருங்கள், எந்தக் கேள்வியில் நேரம் ஒழுகுகிறது என்று தெரியும். பெரும்பாலும் முதல் மூன்று கேள்வியில்தான், ஆசையாகப் படம் வரைந்து, முன்னுரைக்கே அரைப் பக்கம் எழுதி. கடைசியில் மூன்று கேள்வி வெள்ளையாகக் கிடக்கும்.

தகுதிக்கான மொழித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். 300க்கு 75 எடுக்கவில்லை என்றால் மற்றத் தாள்களைத் திருத்திக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். தமிழைப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டு பள்ளியில் வேறு மொழி எடுத்தவர்கள் வாரம் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள், மொழிபெயர்ப்பும் சுருக்கி எழுதுதலும் சேர்த்து.

படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சறுக்கலும் உண்டு. மாநில அரசின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் யூபிஎஸ்சிக்குச் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், தேதியும் அறிவிக்கையில் சொன்ன கெடுவுக்குள் இருக்க வேண்டும். மே மாதம் தாலுகா அலுவலகத்தில் நின்று கெஞ்சுவதற்குப் பதில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

வீட்டில் பேச வேண்டியதையும் இந்த மாதத்திலேயே பேசிவிடுங்கள். யூபிஎஸ்சி எழுதப் பொதுப் பிரிவுக்கு ஆறு முறை, 32 வயது வரை. ஓபிசிக்கு ஒன்பது முறை, 35. எஸ்சி, எஸ்டிக்கு 37 வயது வரை எத்தனை முறையும். இது சட்டத்தின் கணக்கு, உங்கள் வீட்டின் கணக்கு இதைவிடச் சின்னதாக இருக்கலாம். இன்னும் எத்தனை முறை என்பதை அப்பா அம்மாவிடம் எண்ணாகவே சொல்லிவிட்டால், கல்யாண வீட்டில் மாமா 'இந்த வருஷமாவது கெடைக்குமா' என்று கேட்கும்போது அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள். விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் அது ஒரு அட்டெம்ப்டாகக் கணக்காகாது, பிரிலிம்ஸில் ஒரு தாள் எழுதினாலும் கணக்காகும். தயாராகவில்லை என்று தெரிந்தும் 'சும்மா எழுதிப் பார்க்கிறேன்' என்று போகாதீர்கள்.

பணம் நெருக்கினால் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நடக்கும் ஊக்கத்தொகைத் தேர்வை எழுதுங்கள். ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்துப் பத்து மாதம் மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள், பிரிலிம்ஸ் தாண்டினால் 25,000. குரூப் 1, குரூப் 2 அறிவிப்பு வந்தால் அதற்கும் போடுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்காமல், அன்று சர்வர் படுத்துவிடும்.