பிரைம் லென்ஸை எடைபோடும்போது எங்கே சறுக்குகிறோம்?

கடைக்குள் நின்றபடி விலைச்சிட்டையில் ஒரு படம், கவுண்டரில் நிற்கிற தம்பியின் முகத்தில் இன்னொரு படம். பின்திரையில் பெருப்பித்துப் பார்த்து, "சார்ப்பாத்தான் கிடக்கு" என்று காசை எண்ணிக் கொடுத்துவிடுவது. கிட்டத் தூரம், சட்டத்தின் நடு, ரியூப்லைட் வெளிச்சம் என்று மூன்றும் சேர்ந்தால் எந்த பிரைம் லென்ஸும் (சூம் இல்லாத, ஒரே குவியத் தூர லென்ஸ்) நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அது வம்பு பண்ணுவது வேறு இடங்களில். வெட்டவெளி வயலில் பனையோலைக்குப் பின்னால் வானம் வெள்ளையாய் எரியும்போது, இரவுத் திருவிழாவில் சட்டத்தின் மூலையில் மின்குமிழ் விழும்போது, பத்தடி அறைக்குள் மணமக்களோடு பதினைந்து பேர் நெருக்கி நிற்கும்போது. வன்னியில் கமரா தூக்குகிறவரின் பிழைப்பு இந்த இடங்களில்தான் நடக்கிறது. லென்ஸையும் அங்கேதான் எடைபோட வேண்டும்.

நண்பகலில் தூரத்துப் பனையைப் பார்ப்பது

தூரத்து ஃபோகஸைச் சோதிக்க வன்னி நிலம் நல்ல வசதி. தரை தட்டை, தொடுவானத்துக்குத் தடையில்லை. குளக்கட்டில் ஏறி நின்றால் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் பனங்கூடல் வரிசையாய்த் தெரியும். ஆனால் இதைப் பதினொரு மணி வெயிலில் செய்தால் முழுதும் வீண். சூடேறிய மண்ணிலிருந்து காற்று அலையலையாய் எழும். கண்ணுக்கு லேசாக நெளிவது 85 மி.மீ. லென்ஸில் குழம்பிய ஓலையாகப் பதியும். பழுது காற்றில், பழி லென்ஸில். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, தூசும் அடங்கியிருக்கும்.

கமராவை ட்ரைபொட்டில் இறுக்குங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் வசதி கமராவில் இருந்தாலும் லென்ஸில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். இரண்டு செக்கன் ரைமர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ரா கோப்பு (கமரா திருத்தாத மூலக் கோப்பு), லென்ஸின் மிக அகன்ற துளை. முதலில் ஒரு பனைத்தலையைச் சட்டத்தின் நடுவில் வைத்து, திரையில் பெருப்பித்துக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு அதே பனை இடது மேல் மூலையில் விழும்படி கமராவைத் திருப்பி, மறுபடி ஃபோகஸ் செய்து இன்னொன்று. இப்படி நான்கு மூலைக்கும். நான்கும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் அது அந்த வடிவமைப்பின் குணம், துளையை எஃப் 4 அல்லது 5.6க்குச் சுருக்கினால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சுருங்கும்) பெரும்பாலும் தெளியும். மூன்று மூலை தெளிவாக இருக்க ஒன்று மட்டும் கூழாகக் கிடந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி அச்சிலிருந்து விலகியிருக்கிறது. எஃப் 5.6இலும் அந்த மூலை தேறாவிட்டால் யோசிக்க வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே மாதிரி லென்ஸ் பத்தை எடுத்தாலும் பத்தும் ஒன்றுபோல இராது. ஆகவே இணையத்தில் யாரோ எடுத்த சோதனைப் படம் உங்கள் கையிலிருக்கும் லென்ஸுக்குச் சாட்சி சொல்லாது.

வீட்டுச் சுவரில் பத்திரிகைத்தாள் ஒட்டிச் சோதிப்பவர்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று, கிட்ட நிற்பது. லென்ஸின் குவியத் தூரத்தைப்போல ஐம்பது மடங்காவது தள்ளி நில்லுங்கள், 50 மி.மீ. என்றால் இரண்டரை மீற்றர். மற்றது, கமரா சுவருக்கு நேராக இல்லாதது. தாளின் நடுவில் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் வந்தால் கமரா நேராக இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் கமராவைத் தலைகீழாக்கி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் படத்தின் அதே மூலையில் நின்றால் குற்றம் லென்ஸில். தாளின் அதே மூலையில் நின்றால் சுவரிலோ உங்கள் நிலைப்பிலோ.

எல்ஈடி குமிழுக்குக் கீழே சோதிப்பவர்களுக்கு ஒரு சொல். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/100 அல்லது 1/50இல் எடுங்கள். 1/500இல் எடுத்துவிட்டு, ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு, லென்ஸின் துளை ஒழுங்காக மூடவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகக்கூடாது.

பழைய பெயருக்குக் காசு கொடுப்பது

பழைய பாணி லென்ஸ்கள் இப்போது இரண்டு விதமாக வருகின்றன. சிலவற்றில் கண்ணாடியே பழைய வழியில் அமைந்தது. சிலவற்றில் வெளிக்கூடு மட்டும் பழைய உடுப்பு. இதைப் பிரித்தறியாமல் வாங்குவதுதான் முதல் ஏமாற்றம். நிக்கோனின் இஸட் 40 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்கு எஸ்ஈ என்ற பழைய பாணிப் பதிப்பு உண்டு. உள்ளே கண்ணாடி அமைப்பு சாதாரணப் பதிப்பினதேதான். வளையத்தின் தோற்றம் பழைய நிக்கோரை நினைவூட்டும், ஆனால் அதில் துளை எண்கள் பொறித்த வளையம் இல்லை. வடிவுக்காக வாங்கலாம், குற்றமில்லை. "பழைய லென்ஸின் நிறம் வரும்" என்று வாங்கினால் வராது.

மறுபக்கத்தில், ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணித்த முகப்பட லென்ஸை அடியொற்றி லோமோகிராஃபி 2013இல் கொண்டுவந்த 85 மி.மீ. எஃப் 2.2 உண்மையிலேயே பழைய குணத்தோடு வருவது. நடுவில் தெளிவு, ஓரத்தில் சுழலும் பின்புலம். துளையைச் சுருக்க வளையம் திருப்புவதில்லை, ஓட்டை வெட்டிய தகடுகளைச் செருக வேண்டும். சனம் நெருக்கும் கலியாண வீட்டில் தகடு மாற்றிக்கொண்டு நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தபின் வாங்குங்கள். லைக்கா 1935இல் செய்த தம்பார் 90 மி.மீ. லென்ஸை 2017இல் மறுபடி வெளியிட்டது. மென்மையாக எடுப்பதே அதன் வேலை. அதை எழுத்துத்தாளுக்கு முன் வைத்து மதிப்பெண் போடுவது, கூத்துக்காரரிடம் கணக்குப் பரீட்சை வைப்பதுபோல.

சுழல் பின்புலத்துக்கு இங்கே அதிகம் தேடப்படுவது சோவியத் ஹீலியோஸ் 44, 58 மி.மீ. எஃப் 2. ஜெர்மன் சைஸ் பயோட்டார் லென்ஸின் வழிவந்தது. இதில் பலர் காணாத ஒன்று, சுழல் இருப்பது படத்தின் ஓரங்களில். உணரி சிறிய ஏபிஎஸ்-சி கமரா அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடும், மிஞ்சுவது 87 மி.மீ. லென்ஸ் எடுத்ததுபோன்ற சாதாரண முகப்படம். உணரி பெரிய முழுச்சட்டக் கமராவிலும் ஆள் ஒன்றரை முதல் மூன்று மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். பின்னால் சில மீற்றர் தள்ளி, வெளிச்சம் பொட்டுப்பொட்டாய் ஊடுருவும் இலைக்கூட்டம் வேண்டும். வேப்பமரமோ பாலையோ போதும். வெறும் வானத்துக்கு முன்னால் எதுவும் சுழலாது.

வொய்க்லாண்டர் பெயரில் கொசினா செய்யும் நொக்டன் கிளாசிக் 40 மி.மீ. எஃப் 1.4 போன்றவற்றில், கண்ணாடியின் எதிரொளி தடுக்கும் பூச்சைப் பொறுத்து, ஒற்றைப் பூச்சு, பல்பூச்சு என்று இரண்டு பதிப்பு உண்டு. ஒற்றைப் பூச்சில் எதிர்வெயில் விழுந்தால் கருமை வெளுத்து, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல மங்கும். அதை விரும்பி வாங்குபவர்கள் உண்டு. குளத்து நீரும் வெண்மணலும் வெயிலைத் திருப்பியடிக்கும் நம் நிலத்தில் அது ஒரு நாளைக்கு அழகு, மற்ற நாட்களில் தலையிடி. சூரியனைச் சட்டத்துக்குள் வைத்து மட்டும் சோதிக்காதீர்கள், சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்தியும் பாருங்கள். மோசமான மங்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும். மலிவான யூவி கண்ணாடி மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள்.

பழைய வழி வேக (அகன்ற துளை) லென்ஸ்களில் இன்னொரு மறைந்த குறை உண்டு. எஃப் 1.4இல் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப் 2.8க்குச் சுருக்கினால் ஃபோகஸ் தானாகப் பின்னுக்கு நகரும். ஒரு மீற்றரில் சாய்வாக வைத்த அடிமட்டத்தை 1.4, 2, 2.8, 4 என்று ஃபோகஸை அசைக்காமல் எடுங்கள். கூர்மையான கோடு இடம் மாறினால், எடுக்கப்போகும் துளையிலேயே ஃபோகஸ் செய்யப் பழக வேண்டும். மிரர்லெஸ் கமராவில் இது முடியும். லென்ஸ் வழியாகப் பார்க்காத ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில் பாடுதான்.

மவுண்டை விசாரிக்காமல் அடப்டர் வாங்குவது

லென்ஸ் கமராவில் பூட்டும் வாய்தான் மவுண்ட், வேறு மவுண்ட் லென்ஸைப் பொருத்தும் வளையம்தான் அடப்டர். எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் லென்ஸுக்கும் படத்தளத்துக்கும் 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். கனொன் ஈஎஃப் மவுண்டில் அந்த இடைவெளி 44, ஆகவே நடுவே மெல்லிய வளையம் வைக்க இடமுண்டு. நிக்கோன் எஃப் 46.5. இடமே இல்லை, வளையம் போட்டால் தூரத்துப் பொருள் ஒருபோதும் தெளியாது. திருத்தும் கண்ணாடி வைத்த அடப்டர் விற்கிறார்கள், அது லென்ஸின் தரத்தைக் குடிக்கும். சோனி ஈ 18, கனொன் ஆர்எஃப் 20, நிக்கோன் இஸட் 16. இவற்றில் எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் தாராளமாக அமரும். சமாந்தரமில்லாத மலிவு அடப்டரும் ஒரு பக்க மங்கலைத் தரும் என்பதால், லென்ஸைக் குற்றஞ்சாட்டுமுன் அடப்டரை மாற்றிப் பாருங்கள்.

மின் தொடர்பில்லாத லென்ஸைப் போட்டதும் சில கமராக்களில் ஷட்டர் அடிக்காது. உடைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்க வேண்டும். கமராவுக்குள் ஆட்டத்தடுப்பு இருந்தால் குவியத் தூரத்தையும் கையால் பதியுங்கள். 58க்குப் பதில் 135 என்று கிடந்தால் படம் ஆடியே வரும்.

நிக்கோன் டி3500, டி5600 போன்றவற்றில் லென்ஸை ஃபோகஸ் செய்யும் உள்மோட்டர் இல்லை. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அவற்றில் தானாக ஃபோகஸ் ஆக, ஏஎஃப்-எஸ் போன்ற, மோட்டர் உள்ளேயே இருக்கும் லென்ஸ்தான் வேண்டும்.

சின்ன லென்ஸின் ஜேபெக்கை நம்புவது

புதிய குறுலென்ஸ்கள் பாதி கண்ணாடியால், பாதி மென்பொருளால் படம் செய்கின்றன. இது மோசடியல்ல. எடை குறைய யாராவது அந்த வேலையைச் செய்துதானே ஆக வேண்டும். கனொன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 வெறும் 165 கிராம், அதன் திருத்தாத ரா படத்தில் கோடுகள் பீப்பாய்போல வளையும், மூலைகள் இருண்டு கிடக்கும். கமரா ஜேபெக் படத்தில் அதை நிமிர்த்தும்போது மூலைகள் இழுபடும், இருட்டை ஏற்றும்போது அங்கே மணல்போல இரைச்சல் எழும். ஐஎஸ்ஓ 100இல் தெரியாது, 6400இல் தெரியும். டார்க்டேபிள் அல்லது ரோதெரப்பி மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை நிறுத்திவிட்டு ரா கோப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். பிறகு திருத்தத்தோடு, நீங்கள் வழமையாக எடுக்கும் ஐஎஸ்ஓவில், மூலையைப் பாருங்கள். தீர்ப்பு இரண்டாவதில்தான்.

சிக்மாவின் 45 மி.மீ. எஃப் 2.8 டிஜி டிஎன் 2019இல் வந்தது, 215 கிராம். முழுத்துளையில் கிட்டப்பொருளை எடுத்தால் மென்மையாய் வரும். பின்புலம் இதமாக உருகட்டும் என்று சிக்மா தெரிந்தே விட்ட குணம் அது. எஃப் 4இல் கூர்மை வந்துவிடும். இதைத் தாலியில் ஃபோகஸ் செய்து 2.8இல் சோதித்தவர் "குப்பை" என்பார், இரண்டு மீற்றரில் முகம் எடுத்தவர் "தங்கம்" என்பார்.

நிறவிளிம்பில் இரண்டு வகை. வானத்துக்கு எதிரான பனையோலையில், சட்டத்தின் ஓரத்தில் மட்டும் வரும் ஊதா, பச்சைக் கோடு மென்பொருளில் ஒரு சொடுக்கில் போகும். ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையுமாய், நடுச்சட்டத்திலும் வருவது லேசில் போகாது. சேலைச் சரிகையில் அது விழுந்தால் அல்பம் முழுக்கத் தொடரும்.

எஃப் எண்ணைத் துரத்துவது

எஃப் 1.4க்கும் 1.8க்கும் வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஐஎஸ்ஓ 2000இல் எடுப்பதை 3200இல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எடையும் விலையும் இரண்டு மூன்று மடங்கு ஏறும். 85 மி.மீ. எஃப் 1.8இல் இரண்டு மீற்றரில் தெளிவின் ஆழமே சுமார் 6 செ.மீ. மாப்பிள்ளை ஓரடி பின்னால் நின்றால் அவர் மங்கல். கலியாண வீட்டில் எப்படியும் 2.8க்குத்தான் சுருக்கப் போகிறீர்கள்.

அதைவிடப் பெரிய பிழை குவியத் தூரத்தில் நடக்கிறது. "ஃபிஃப்டி எல்லாத்துக்கும் போதும்" என்ற சொல் முழுச்சட்டக் காலத்தினது. ஏபிஎஸ்-சி கமராவில் 50 மி.மீ. போட்டு மூன்று மீற்றர் தள்ளி நின்றால் அகலம் 1.4 மீற்றர்தான் பிடிக்கும். 35 மி.மீ. என்றால் 2 மீற்றர், 24 என்றால் 2.9. நம் வீட்டு அறைகளில் முதுகு சுவரில் முட்டியபின் பின்னுக்குப் போக வழியில்லை.

பாவித்த லென்ஸும் மாரி காலமும்

பாவித்த லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமாகக் கைபேசி டோர்ச்சைச் சாய்த்து அடியுங்கள். சில தூசித் துகள்கள் பொருட்டில்லை. சிலந்திவலைபோல நூல் ஓடினால் பூஞ்சணம், அது கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. சீரான புகைமூட்டம் என்றால் எண்ணெய் ஆவி, கழுவலாம், கழுவத் தெரிந்தவர் கிடைத்தால். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு என்றால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, விட்டுவிடுங்கள். பழைய டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி தேநீர் நிறமாகியிருக்கும். அது பழுதல்ல, சில நாள் வெயில் காட்டினால் குறையும். துளையை மூடும் இதழ்களில் எண்ணெய் இருந்தால், கையால் துளை சுருக்கும் ஹீலியோஸ் 44-2இல் பெரிதாகப் பாதிக்காது. கமரா தானாக மூடும் லென்ஸில் இதழ் பிந்தி மூடி, படம் வெளுக்கும்.

ஐப்பசியில் வாடை தொடங்கித் தை வரைக்கும் காற்றின் ஈரம் பூஞ்சணத்துக்கு விருந்து. லென்ஸை அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம். அரிசித்தூள் வளையத்துக்குள் புகும், ஈரத்தை அது உறிஞ்சுவதும் கொஞ்சம்தான். இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரப்பதன் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். நீல ஜெல் ரோசாவானதும் வறுத்தெடுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கோடையில் எதிரி வேறு. சோளகத்தில் கிரவல் றோட்டுச் செம்புழுதி, முல்லைத்தீவுக் கரையில் உப்புத் தூவல். மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். பழைய பாணி லென்ஸ்கள் அநேகமானவற்றில் இராது. அப்படியானதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் மாற்றும் வேலையை வாகனத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். வந்ததும் ஈரம் தொட்ட துணியால் வெளிக்கூட்டைத் துடைத்து, ஃபோகஸ் வளையத்தைக் காதருகே வைத்து முழுதாக ஒருமுறை சுற்றுங்கள். சரசரவென்று கேட்டால் மணல் உள்ளே போய்விட்டது, மேற்கொண்டு சுற்ற வேண்டாம்.